தழும்பு சின்னதா இருந்தா போதுமா சார்?

ஆறு மாசமா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. போன வாரம் ஆபீஸ் போற வழியில சிக்னல்ல நிக்கிறப்போ எதிர்ல ஒரு பேனர். 'தழும்பே தெரியாத தைராய்டு, பாராதைராய்டு அறுவை சிகிச்சை. மறுநாளே வீட்டுக்குப் போகலாம்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. பக்கத்துல வழவழன்னு கழுத்தோட ஒரு பொண்ணு சிரிக்குது. அந்தக் கழுத்துல எந்த டாக்டரும் கத்தி வெச்சிருக்க மாட்டாங்கறது வேற கதை. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இதைப் பப்ளிஷ் பண்ணியே ஆகணும்னு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை மக்களே. பி.இ. முடிச்சுட்டு, எவனோ எழுதி வெச்ச கோடுல பக் தேடி வயித்தைக் கழுவுறவன். ஆனா இந்த விஷயத்துல ஏழு வருஷ லாக் ஃபைல் கையில இருக்கு. அந்தத் தைரியத்துலதான் எழுதுறேன். நம்ம பக்கம் வர்ற டாக்டர் பதிவர்கள் தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்மலாம், திருத்திக்கிறேன்.

லாக் ஃபைல்னு சொன்னது எங்கம்மாவோட ரிப்போர்ட்டுகளை.

அம்மா கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர். 2017ல ஸ்கூல்ல நடந்த மருத்துவ முகாம்ல ரத்தம் எடுத்தாங்க. அப்போ அம்மாவுக்கு 47 வயசு. சர்க்கரை நார்மல், கொழுப்பு நார்மல், கால்சியம் 11.2. பக்கத்துல குட்டியா ஒரு ஹெச். லேப் காரங்களே 'இது ஜாஸ்தி'ன்னு அடிச்சுக் கொடுத்திருக்காங்க. அளவு 8.5லேர்ந்து 10.5 வரைக்கும்தான் இருக்கணும். முகாம் டாக்டர் சர்க்கரையைப் பாத்துட்டு 'நல்லாருக்கீங்கம்மா'ன்னு அனுப்பிட்டார்.

2018ல சிறுநீரகக் கல். உள்ள குழாய் விட்டு உடைச்சு எடுத்தாங்க. கால்சியம் 11.0, ஹெச். கல்லை எடுத்த டாக்டர் 'நிறைய தண்ணி குடிங்க'ன்னார். 2021ல முட்டி வலி, இடுப்பு வலி, எந்நேரமும் ஒரு அசதி. எலும்பு டாக்டர் பாத்துட்டு எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? கால்சியம் மாத்திரை! ரத்தத்துல கால்சியம் 11.5, ஹெச். அந்த ரிப்போர்ட் அதே ஃபைல்ல, அவர் மேஜை மேலயே கிடந்துச்சு. நான் போன் பண்ணிக் கேட்டா அம்மா 'வயசானா இதெல்லாம் வரும்ல, உடு'ன்னு முடிச்சிரும். 2024 பிப்ரவரில பாத்ரூம்ல லேசா வழுக்கி, கையை ஊணினதுல மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. கீழ கூட விழலை, சும்மா கையை ஊணினதுக்கே.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். வேற வேலை இல்லாம ஒரு ராத்திரி உக்காந்து எல்லா ரிப்போர்ட்டையும் எக்ஸெல்ல ஏத்தினேன். ஏழு வருஷம், ஒன்பது ரிப்போர்ட், ஒன்பதுலயும் அந்தக் காலம் சிவப்பு. ஆபீஸ்ல ஒரு சர்வர் ஒன்பது தடவை அலர்ட் அடிச்சும் எவனும் எட்டிப் பாக்கலைன்னா என் மேனேஜர் என்னைத் தோலை உரிச்சு உப்புக் கண்டம் போட்டிருப்பார். இங்க அலர்ட் அடிச்சது எங்கம்மா உடம்பு.

சரி, மேட்டருக்கு வருவோம். பள்ளிக்கூட உயிரியல் புஸ்தகத்துல ஒரு வரில கடந்து போயிருப்போம். தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு நாலு சுரப்பி, ஒவ்வொண்ணும் ஒரு அரிசி, மிஞ்சிப் போனா பருப்பு சைஸ். பேருதான் பாராதைராய்டு, தைராய்டுக்கும் அதுக்கும் தொழில் உறவு எதுவும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரங்க, அவ்வளவுதான். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா பி.டி.எச்.னு ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்புலேர்ந்து எடுத்து ரத்தத்துல விடும். கூடினா வாயை மூடிக்கும். ஏசி தெர்மோஸ்டாட் மாதிரி. இதுல ஒண்ணு கட்டி கட்டி பெருத்துப் போய் 'நிறுத்து'ன்னு சொன்னாலும் கேக்காம சுரந்துக்கிட்டே இருந்தா, எலும்பு கரையும், சிறுநீரகத்துல கல் சேரும், மனுஷனுக்குக் காரணமே தெரியாத சோர்வு வரும். நூத்துக்கு எண்பது, எண்பத்தஞ்சு பேருக்கு ஒரே ஒரு சுரப்பிதான் குற்றவாளி. மிச்சப் பேருக்கு ரெண்டு, மூணு, சில சமயம் நாலுமே. புத்துநோய் நூத்துல ஒண்ணுக்கும் கம்மி.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியது ரத்தப் பரிசோதனைல. கால்சியமும் பி.டி.எச்.சும் ஒண்ணா பாக்கணும், கூடவே ஆல்புமின், வைட்டமின் டி, ஒரு நாள் முழுக்கச் சேத்த சிறுநீர்ல கால்சியம். (கடைசி டெஸ்ட் எதுக்குன்னா, பரம்பரையா வர்ற ஒரு சாது ரகம் இருக்கு, அதுக்கு ஆபரேஷனே தேவையில்லை.) இன்னொரு கூத்து, கால்சியம் 11.5 இருக்கிறப்போ பி.டி.எச். 50ன்னு வந்தா லேப் ரிப்போர்ட்ல 'நார்மல்'னு பச்சையா காட்டும். அது நார்மல் கிடையாது! ரூம் ஏற்கனவே ஜில்லுன்னு உறைஞ்சு கிடக்கும்போது ஏசி மிதமா ஓடினாலும் தெர்மோஸ்டாட் கெட்டுப் போச்சுன்னுதானே அர்த்தம்? அம்மாவுக்கு அந்தக் குழப்பமும் இல்லை. பி.டி.எச். 186. இருக்க வேண்டியது 65க்குக் கீழ.

இங்கதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஆரம்பிச்சுது.

நோய் உறுதியாச்சு. அடுத்து செஸ்டமிபி ஸ்கேன். டெக்னீஷியம்னு ஒரு கதிரியக்கப் பொருளைச் சேத்து ஊசி போடுவாங்க, பெருத்த சுரப்பி அதைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு படத்துல புள்ளியா தெரியும். இதயத்துக்குன்னு வந்த மருந்து, 1989லேர்ந்து இதுக்கும் உபயோகப்படுது. அம்மா படத்துல புள்ளி தெரியலை. உடனே ஒரு டாக்டர், 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, ஆறு மாசம் பாக்கலாம்'னார். ஏழு வருஷம் பாத்தாச்சே சார்! இன்னொரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், லிஃப்ட்லகூட கீஹோல் விளம்பரம் ஒட்டியிருந்தாங்க. அங்க சொன்னது இன்னும் ஜோர். 'நாங்க ஸ்கேன்ல தெரியற கேஸ் மட்டும்தான் எடுப்போம், ஏன்னா எங்களது மினிமலி இன்வேசிவ்.' ஓட்டல்ல போய் பசிக்குதுன்னு சொன்னா, எங்ககிட்ட இருக்கிற சின்னத் தட்டுக்குள்ள அடங்குற பசின்னா உக்காருங்கன்னு சொல்ற மாதிரி.

ஒரு டாக்டர் படத்துல தெரியலைன்னு நோயே இல்லைங்கறார். இன்னொருத்தர் படத்துல தெரியலைன்னு வைத்தியமே இல்லைங்கறார். ரெண்டு பேருமே ரத்தத்தை விட்டுட்டு படத்தை நம்புறாங்க. ஸ்கேன் ஒரு மேப், ஐயா. திருடன் எந்தத் தெருவுல இருக்கான்னு காட்டத்தான் அது. வீட்ல நகை காணாமப் போனதை ரத்தம் ஏற்கனவே சொல்லியாச்சு. மேப்ல தெரு பேரு இல்லைங்கறதுக்காகத் திருட்டே நடக்கலைன்னு எஃப்.ஐ.ஆரைக் கிழிக்கிறதா? இது என் சொந்தச் சரக்குன்னு நெனச்சுடாதீங்க. அமெரிக்க எண்டோக்ரைன் சர்ஜன்கள் சங்கம் 2016ல வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்லுது, ஸ்கேன் நோயை உறுதி செய்யறதுக்கு இல்லை, ஸ்கேன்ல தெரியாதவங்களையும் அனுபவசாலி சர்ஜன்கிட்ட அனுப்புங்கன்னு. யாருக்கு ஆபரேஷன் வேணுங்கற சர்வதேச வழிகாட்டுதல் 2022ல புதுசா வந்தது. கால்சியம் உச்ச அளவைவிட 1 புள்ளிக்கு மேல கூடியிருந்தா, கல் இருந்தா, எலும்பு அடர்த்தியோட டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்குக் கீழ போனா, முதுகெலும்பு நொறுங்கியிருந்தா, சிறுநீரகம் தளர்ந்திருந்தா, வயசு 50க்குக் கீழன்னா. இதுல ஒண்ணு இருந்தாலே போதும். 2017ல 47 வயசுல அந்த முதல் ஹெச் விழுந்தப்பவே, வயசு ஒண்ணை வெச்சே அம்மாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசியிருக்கணும்.

கொஞ்சம் பழைய கதை பேசலாமா? இதைப் படிச்சப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரலை.

1925ல வியன்னாவுல ஆல்பர்ட் யானேன்னு ஒரு டிராம் கண்டக்டர். எலும்பெல்லாம் கரைஞ்சு நடக்க முடியாமப் போயிட்டார். பெலிக்ஸ் மாண்டல்னு ஒரு சர்ஜன். முதல்ல என்ன பண்ணினார்னா, சுரப்பி கம்மியா வேலை செய்யுதுன்னு நெனச்சு, பாராதைராய்டு சாறு கொடுத்து, வேற ஒருத்தரோட சுரப்பியையும் எடுத்து வெச்சுப் பாத்தார். கேக்கலை. அப்புறம்தான் கழுத்தைத் திறந்து பெருத்த சுரப்பியை எடுத்தார். அதுதான் இந்த நோய்க்கு நடந்த முதல் ஆபரேஷன். எங்கம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை எழுதினவரும் நூறு வருஷம் கழிச்சு அதே ரூட்லதான் போயிருக்கார். மாண்டலுக்காவது அப்போ பாக்கறதுக்கு பி.டி.எச். டெஸ்ட் கிடையாது, மன்னிச்சுடலாம்.

அடுத்தது சார்லஸ் மார்ட்டெல், அமெரிக்கக் கப்பல் கேப்டன். எலும்பு முறிஞ்சு முறிஞ்சு, ஆஜானுபாகுவான ஆள் உயரமே குறைஞ்சு கூனிப் போயிட்டார். 1926லேர்ந்து ஆறு தடவை கழுத்தைத் திறந்தாங்க. கிடைக்கலை. 1932ல பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில ஏழாவது தடவை நெஞ்சுக்குள்ள தேடினாங்க, அங்க ஒளிஞ்சுக்கிட்டு இருந்தது. அதுக்குள்ள சிறுநீரகம் பாழாகி, கொஞ்ச வாரத்துலயே போய்ச் சேர்ந்துட்டார். 'பாத்தியா, ஸ்கேன் இருந்திருந்தா'ன்னு நீங்க கேப்பீங்க. நியாயம். மேப் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. ஆனா ஒண்ணைக் கவனிங்க, ஆறு தடவை தோத்தப்பவும் யாரும் அவர்கிட்ட 'கிடைக்கலை, அதனால உங்களுக்கு நோய் இல்லை, கிளம்புங்க'ன்னு சொல்லலை. ரத்தம் சொன்னதை நம்பினாங்க. ஏழாவது தடவையும் தேடச் சொன்னவரே அந்தக் கேப்டன்தான்.

இப்போ சின்னக் கீறல் விவகாரம். 1990கள் வரைக்கும் இந்த ஆபரேஷன்னா கழுத்தைக் குறுக்கால திறந்து நாலு சுரப்பியையும் கண்ணால பாத்து, பெருத்ததை எடுக்கறது. தேர்ந்த கையில நூத்துக்கு 95 பேருக்கு அதுலயே குணம். அப்புறம் ரெண்டு விஷயம் வந்தது. ஒண்ணு இந்த ஸ்கேன். ரெண்டாவது, என்னைக் கேட்டா நிஜமான ஹீரோ, ஆபரேஷன் டேபிள்லயே பி.டி.எச். அளக்கறது. மயாமில ஜார்ஜ் இர்வின்னு ஒரு சர்ஜன் 90கள்ல நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இந்த ஹார்மோன் ரத்தத்துல சில நிமிஷத்துலயே பாதியா கரைஞ்சுடும். அதனால கெட்ட சுரப்பியை எடுத்து 10 நிமிஷம் கழிச்சு அளந்தா, பாதிக்கும் கீழ இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா இன்னொரு திருடன் உள்ள இருக்கான். நம்ம பாஷைல சொன்னா, டிக்கெட்டை மூடறதுக்கு முன்னாடி டெஸ்ட் ரன் பண்ணிப் பாக்கறது. இந்த டெஸ்ட் இருக்கிற தைரியத்துலதான் ஒரு பக்கம் மட்டும் சின்னதா திறந்து ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வர முடியுது. ஆனா பேனர்ல எவனாவது 'நாங்க ஆபரேஷன் நடுவுல பி.டி.எச். பாக்கறோம்'னு போட்டுப் பாத்திருக்கீங்களா? தழும்பு, தழும்பு, தழும்பு மட்டும்தான்.

இதுல 'மினிமலி இன்வேசிவ்'ங்கற வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தமும் கிடையாது. சின்னதா கீறி நேரா எடுக்கறதும் அதுதான், கேமரா விட்டு எடுக்கறதும் அதுதான். 1996ல மிஷெல் காக்னர் எண்டோஸ்கோப் விட்டு முதல் தடவை செஞ்சார். அதுக்கப்புறம் அக்குள் வழியா, வாய்க்குள்ள உதட்டுப் பக்கம் வழியான்னு கிளம்பிட்டாங்க. கழுத்துல தழும்பு தெரியாதுதான், ஆனா அக்குள்லேர்ந்து கழுத்து வரைக்கும் தோலுக்கடியில சுரங்கப்பாதை தோண்டறதுக்குப் பேரு மினிமமா? சப்வேக்குத் தோண்டினாலும் மேல ரோடு பாக்க நல்லாத்தான் இருக்கும்.

'அப்போ சின்ன ஆபரேஷனே வேஸ்ட்டா?'ன்னு கேக்காதீங்க. அதுவும் நான் சொல்லலை. 2011ல யேல் பல்கலைக்கழகத்து ராபர்ட் உடெல்ஸ்மேன் தன்னோட 1,650 நோயாளிகளை வெச்சு எழுதினார். சின்னக் கீறல்ல குணமானது 99.4 சதவீதம், பழைய முறையில 97.1. சிக்கல்களும் சின்னதுல கம்மி. அடுத்த வருஷமே டாம்பாவுல ஜேம்ஸ் நார்மன், 15,000 ஆபரேஷன் பண்ணின ஆள், ஒரு பக்கம் மட்டும் பாக்கற முறையை நாங்க கைவிட்டுட்டோம், நாலையும் பாத்துடறதுதான் நல்லதுன்னு எழுதினார். அதுக்கு முன்னாடி ஒரு பக்க முறைக்குக் கொடி பிடிச்சவரே அவர்தான்! ரெண்டு ஜாம்பவான்கள் சண்டை, நான் நடுவுல பூந்து தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பேரும் ஆயிரக்கணக்குல பண்ணினவங்க. வருஷத்துக்கு நாலு பாராதைராய்டு பாக்கறவர் இவங்க ரிசல்ட்டை எடுத்துத் தன் பேனர்ல ஒட்டிக்கறதுதான் எனக்கு எரியுது. சச்சினோட பேட்டை வாங்கிட்டா நூறு செஞ்சுரி வருமா?

ஏன் இவ்வளவு குதிக்கிறேன்னா, முதல் ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷன். அது சொதப்பினா, ரெண்டாவது தடவை உள்ள போறப்போ எல்லாம் ஒட்டிப் போய் வடுவாகியிருக்கும், குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது, அதுல அடிபட்டா குரல் கம்மிப் போகும். முப்பது வருஷமா வகுப்புல நின்னு கத்தின டீச்சர் எங்கம்மா. 'கல்லு இருந்துட்டுப் போட்டும், குரலு போயிரக் கூடாதுய்யா'ன்னு அது கேட்டப்போ பேனர்ல இருந்த பொண்ணோட கழுத்து எனக்கு ஞாபகம் வரலை.

கடைசில எண்டோக்ரைன் சர்ஜரியே தொழிலா வெச்சிருக்கிற ஒரு அம்மாகிட்ட போனோம். (நம்ம ஊர்லயே இதுக்குத் தனிப் படிப்பு இருக்கு மக்களே, வேலூர் சி.எம்.சி., சென்னை மருத்துவக் கல்லூரின்னு தனித் துறைகளே இருக்கு. எனக்கு அதுவரைக்கும் தெரியாது.) அவங்க ஸ்கேன் படத்தை ஒதுக்கிட்டு முதல்ல ரத்த ரிப்போர்ட்டைத்தான் கேட்டாங்க. அப்புறம் தானே அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பாத்து 'இடது பக்கம் கீழ சந்தேகமா இருக்கு, ஆனா ஸ்கேன்ல தெரியாததால ஒண்ணுக்கு மேல இருக்கலாம், நாலையும் பாக்க வேண்டி வரலாம்'னு நேராவே சொன்னாங்க. முன்கை எலும்பு அடர்த்தியும் எடுக்கச் சொன்னாங்க. இந்த நோய் முன்கையைத்தான் அதிகமா தின்னுமாம், முன்னாடி பாத்தவங்க இடுப்பும் முதுகும் மட்டும் எடுத்து 'பரவாயில்லை'ன்னு விட்டிருந்தாங்க.

ஆபரேஷன் அன்னிக்கு ஆரம்பத்துல பி.டி.எச். 212. இடது பக்கச் சுரப்பியை எடுத்தாங்க, நிஜமாவே பெருத்துத்தான் இருந்தது. பத்து நிமிஷம் கழிச்சு 148. பாதிக்கு வரலை. ரிசல்ட் லேப்லேர்ந்து வர்ற வரைக்கும் அம்மா மயக்கத்துலயே, நாங்க வெளிய பெஞ்சுல, அப்பா வெத்தலை கூடப் போடாம. அதே கீறல் வழியா வலது பக்கம் போனாங்க, மேல இன்னொண்ணு கிடைச்சது. அதை எடுத்ததும் 31. அதுக்கப்புறம்தான் தையல் போட்டாங்க. 'ஒண்ணு கிடைச்சாச்சு, மூடு'ன்னு முடிச்சிருந்தா, சின்னத் தழும்போட, சிரிச்ச முகத்தோட, அதே நோயோட வீட்டுக்கு வந்திருப்போம்.

கீறல் எவ்வளவுன்னு கேக்கறீங்களா? மூணு செண்டிமீட்டர் சொச்சம், கழுத்து மடிப்புலயே. பேனர் காரங்க சொல்ற அதே அளவுதான்! அம்மாகிட்ட தழும்பு தெரியுதான்னு கேட்டதுக்கு, 'சங்கிலி போட்டா மறைஞ்சிரும், போடா'ன்னுச்சு. குரல் பழையபடி கணீர்னு இருக்கு, திட்டு வாங்கறதுல எனக்கே தெரியும். இதுல ஒரு தமாஷ், ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் கால்சியம் மாத்திரை நிஜமாவே தேவைப்பட்டது. பசியில கிடந்த எலும்பு ரத்தத்துல இருக்கிறதை இழுத்துக்கும். ஏழு வருஷத்துல அந்த மாத்திரை சரியான ஆளுக்குச் சரியான நேரத்துல போனது அப்போதான்.

டிராஃப்ட்ல ஆறு மாசம் கிடந்ததுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஆறு மாசம் கழிச்சும் கால்சியம் நார்மலா இருந்தாத்தான் குணம்னு கணக்கு. அது வந்தாச்சு, 9.4. பக்கத்துல எந்த எழுத்தும் இல்லை.

உங்க வீட்ல கல், எலும்பு முறிவுன்னு யாராவது இருந்தா பழைய ஃபைலை எடுத்துக் கால்சியம் வரியைப் பாருங்க. இதைப் படிச்சுட்டுப் பாலை நிறுத்திடாதீங்க, அது தேவையில்லை. சர்ஜனைப் பாக்கப் போனா, வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, நடுவுல பி.டி.எச். பாப்பீங்களா, ஒண்ணுக்கு மேல இருந்தா அங்கயே தேடுவீங்களான்னு கேளுங்க. கோவப்பட்டா எழுந்து வந்துடுங்க.

பி.கு: போன மாசம் ஊருக்குப் போனப்போ, மாத்திரை எழுதிக் கொடுத்த அந்த எலும்பு டாக்டர்கிட்ட ஃபைலைக் கொண்டு போய்க் காட்டினேன். சண்டை போடலை, நெஜமா. புரட்டிப் பாத்துட்டு 'ஓ, பாராதைராய்டா? ரேர் கேஸ் தம்பி'ன்னார். வெளி நோயாளிகள்ல கால்சியம் கூடறதுக்கு முதல் காரணமே இதுதான் சார்னு சொன்னேன். ஃபைலை மூடிக் கையில கொடுத்துட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.